தங்கச்சியின் எம்பிபிஎஸ் கடனுக்கு நீங்க கையெழுத்து போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்



கவுன்சிலிங் நடந்துட்டு இருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸை மூடப் போற சமயத்துல ஒரு தம்பி வந்தார். வயசு 27. சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. வருஷச் சம்பளம் ஒன்பதரை லட்சம், பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்றது மாசம் 68,000. தங்கச்சிக்குத் தனியார் மருத்துவக் கல்லூரியில மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் கிடைச்சிருக்கு. அப்பா ரிட்டயர்டு, பென்ஷன் 35,000. பேங்க் 50 லட்சம் கல்விக் கடன் தர ஒத்துக்கிட்டாங்க. ஆனா இவரும் கோ-பாரோவரா கையெழுத்து போடணும்.

"அண்ணா, திங்கக்கிழமை சைன் பண்ணணும். வட்டிக்கு 80இ-ல எவ்வளவு டாக்ஸ் மிச்சமாகும்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

பதில் ஒரு வரிதான். பூஜ்யம்.

80இ பிரிவில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு கேட்கணும்னா, அந்தக் கடன் உங்க படிப்புக்கு இருக்கணும். இல்லைன்னா உங்க மனைவி அல்லது கணவர், உங்க பிள்ளைகள், இல்லை நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவர், இவங்க படிப்புக்கு இருக்கணும். தம்பி, தங்கச்சி இந்தப் பட்டியலிலேயே இல்லை. நம்ம ஊர்ல அண்ணன் படிக்க வைக்கிறது சகஜம், ஆனா சட்டத்துக்கு அது தெரியாது. அதோட, புதிய வரி முறையில் 80இ கிடையவே கிடையாது. அதுக்கும் மேல, 2025-26 நிதியாண்டுல புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரைக்கும், சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனோட சேர்த்து 12.75 லட்சம் வரைக்கும், வரியே வராது. ஒன்பதரை லட்சம் வாங்குறவர் எந்த வரியை மிச்சம் பண்ணப் போறார்?

கடன் வாங்கிக் கொடுக்க வந்த ஏஜென்ட் "டாக்ஸ் பெனிஃபிட் இருக்கு சார்"னு சொல்லியிருக்கார். அந்த ஒரு வரியை நம்பி, 50 லட்சக் கடனோட மத்த எந்தக் கணக்கையும் வீட்டுல யாரும் போடலை. அன்னைக்கு உட்கார்ந்து நாங்க போட்ட கணக்கைத்தான் இங்க சொல்லப் போறேன். இதே நிலைமையில உங்கள்ல நிறைய பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

முதல்ல கடன் கணக்கு

மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ட்யூஷன் மட்டும் வருஷத்துக்கு 13.5 லட்சம்னு வைங்க. (தமிழ்நாட்டில் கட்டண நிர்ணயக் குழுதான் உச்சவரம்பு சொல்லும். அது அப்பப்ப மாறும், அந்த வருஷத்து ஆணையைப் பாருங்க.) அஞ்சு தவணையா 67.5 லட்சம். ஹாஸ்டல், மெஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம்னு வருஷம் ரெண்டு லட்சம் சேர்த்தா, மொத்தம் 80 லட்சத்தை நெருங்குது. அப்பா ஒரு மனையை வித்து 30 லட்சம் வச்சிருக்கார். மிச்சம் 50 லட்சம் கடன்.

வட்டி 10 சதவீதம். வருஷத்துக்கு 10 லட்சமா அஞ்சு வருஷம் பேங்க் கொடுக்கும். எம்பிபிஎஸ் நாலரை வருஷம், இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம் மொரட்டோரியம். ஆக ஆறரை வருஷம் இஎம்ஐ இல்லை. கேட்க நல்லா இருக்கு. ஆனா இஎம்ஐ-க்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை. தனிவட்டியா போட்டாலே அந்த ஆறரை வருஷத்துல 22.5 லட்சம் ஏறிடும். 50 லட்சம் வாங்கினவங்க 72.5 லட்சத்துல இருந்து கட்ட ஆரம்பிக்கிறாங்க. 15 வருஷத் தவணைன்னா மாசம் சுமார் 78,000. மொத்தமா கட்டுறது 1.4 கோடி.

இந்த 78,000-ஐ தம்பியோட 68,000 சம்பளத்துக்குப் பக்கத்துல எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்போ அவ டாக்டராகி சம்பாதிப்பா இல்ல?" என்றார்.

எல்லாரும் கேட்கிற கேள்விதான். இதுக்குப் பதில் சொல்ல இஎம்ஐ கால்குலேட்டர் போதாது. மருத்துவக் கல்விக்குள்ளேயே என்ன நடந்துட்டு இருக்குன்னு பார்க்கணும்.

சீட் ரெண்டு மடங்குக்கு மேல ஆகிடுச்சு

2014-க்கு முன்னாடி இந்தியா முழுக்க 387 மருத்துவக் கல்லூரிகள், 51,348 எம்பிபிஎஸ் இடங்கள். 2025 தொடக்கத்துல 780 கல்லூரிகள், சுமார் 1.18 லட்சம் இடங்கள். அடுத்த அஞ்சு வருஷத்துல இன்னும் 75,000 இடங்கள் சேர்ப்போம்னு (எம்பிபிஎஸ், பிஜி ரெண்டும் சேர்த்து) 2025 பட்ஜெட்ல அறிவிச்சிருக்காங்க. தமிழ்நாட்டில் மட்டும் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தாங்க. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், ராமநாதபுரம், அரியலூர்னு இதுவரை கல்லூரி இல்லாத மாவட்டங்களுக்கு வந்துச்சு. 1,450 இடங்கள்.

இது நல்ல விஷயம். நான் குறை சொல்லலை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் சேர்ந்து, கட்டடத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஸ்டெதஸ்கோப் மாட்டுறதை நாம பார்க்கிறோம். அரசுக் கல்லூரியில் வருஷக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். அந்த சீட் கிடைச்சா எந்தக் கணக்கும் போட வேணாம், போய்ச் சேருங்க.

நம்ம கணக்கு, காசு கொடுத்து வாங்குற சீட்டுக்கு. 2025-ல் நீட் எழுதினவங்க 22 லட்சத்துக்கு மேல. அதுல தகுதி பெற்றவங்க 12.36 லட்சம். இடம் 1.18 லட்சம். "பாஸ் ஆகிட்டா"ன்னு வீட்டுல சொல்றதுக்கும் சீட் கிடைக்கிறதுக்கும் நடுவுல 11 லட்சம் பேர் நிக்கிறாங்க. ஏஜென்ட் போன் பண்றது இவங்களுக்குத்தான்.

இன்னொரு பக்கம், இவ்வளவு போட்டி இருந்தும் 2024-25-ல் 2,800-க்கு மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்கள் காலியாவே போச்சு. கட்டணம் ஒரு காரணம், கல்லூரி மேல நம்பிக்கை இல்லாதது இன்னொரு காரணம்னு நான் நினைக்கிறேன். ஒரு பொருளுக்கு 11 லட்சம் பேர் வரிசையில் நிக்கும்போதும் சிலது விற்காம கிடக்குதுன்னா, எல்லாம் ஒரே பொருள் இல்லைன்னு அர்த்தம்.

இப்போ தங்கச்சிக்கு வருவோம். அவங்க 2031-ல் வெளிய வரும்போது கூட வர்ற கூட்டம், பத்து வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்த பேட்ச் மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல. வெறும் எம்பிபிஎஸ்-ஸோட தனியார் ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டரா சேர்றவங்க சிலருக்கு நான் ரிட்டர்ன் ஃபைல் பண்றேன். அந்தச் சம்பளத்தை உங்க ஐடி கம்பெனி சம்பளத்தோட ஒப்பிட்டா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும், நல்ல விதமா இல்லை. அரசு வேலையில் உதவி மருத்துவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100-ல தொடங்குது, படிகள் தனி. ஆனா அதுக்கு எம்ஆர்பி தேர்வு எழுதி ஜெயிக்கணும்.

அதனால எல்லாரும் பிஜி போறாங்க. பிஜி இடங்களும் 31,185-ல இருந்து 74,000-க்கு மேல போயிருக்கு. நியாயமா சொல்லணும்னா, விகிதத்துல பார்த்தா இது எம்பிபிஎஸ் வளர்ச்சியை விடக் கொஞ்சம் அதிகம்தான். ஆனா நீட் பிஜி எழுதுறவங்க 2 லட்சத்துக்கு மேல. போன வருஷம் விட்டவங்க, அதுக்கு முந்தின வருஷம் விட்டவங்க, வெளிநாட்டில் படிச்சு வந்தவங்க எல்லாரும் அதே வரிசையில. ரேடியாலஜிக்கும் ஜெனரல் மெடிசினுக்கும் அடிதடி. அனாட்டமி, பயோகெமிஸ்ட்ரி மாதிரி துறைகள்ல இடம் காலி. 2023-ல் அந்தக் காலி இடங்களை நிரப்ப நீட் பிஜி கட்-ஆஃபை பூஜ்யம் பெர்சன்டைல் வரைக்கும் இறக்கினாங்க.

இதுல உங்களுக்கு முக்கியம் என்னன்னா, இஎம்ஐ தொடங்குற 2032-ல தங்கச்சி ஒண்ணு பிஜி கோச்சிங்ல இருப்பாங்க, இல்லை பிஜி சேர்ந்து ஸ்டைபெண்ட் வாங்கிட்டு இருப்பாங்க. அப்போ 78,000 யார் கட்டுறது? கோ-பாரோவர். அவருக்கு அப்போ வயசு 34. கல்யாணம் ஆகியிருக்கும், குழந்தை இருக்கலாம்.

கட்டடம் ரெண்டு வருஷம், பேராசிரியர் பதினாறரை வருஷம்

இந்தப் பகுதியை யாரும் பேச மாட்டாங்க. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமாப் படுது.

ஒரு மருத்துவப் பேராசிரியர் உருவாக எவ்வளவு காலம் ஆகும்? எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷம். எம்டி அல்லது எம்எஸ் மூணு வருஷம். சீனியர் ரெசிடென்ட் ஒரு வருஷம். அப்புறம்தான் அசிஸ்டென்ட் புரொபசர். அங்க நாலு வருஷம் முடிச்சா அசோசியேட். அதுல மூணு வருஷம் முடிச்சா புரொபசர். கூட்டிப் பாருங்க, ஒரு நாள் வீணாகாம, ஒரு தடவை கூட நுழைவுத் தேர்வுல தவறாம போனா பதினாறரை வருஷம். சீட் ரெண்டு மடங்கு ஆனது பதினோரு வருஷத்துல. அப்போ பேராசிரியர்கள் எங்கிருந்து வந்தாங்க?

சில இடங்கள்ல வரவே இல்லை, பேப்பர்ல மட்டும்தான் இருந்தாங்க. தேசிய மருத்துவ ஆணையம், அதாவது 2020-ல பழைய எம்சிஐ-க்குப் பதிலா வந்த என்எம்சி, 2022-23-ல் 246 கல்லூரிகளை மதிப்பீடு செஞ்சப்போ பெரும்பாலானவற்றில் பேருக்கு மட்டும் இருக்கிற ஆசிரியர்களும் குறைவான வருகையும் இருந்ததா சொல்லுச்சு. ஆய்வு நாளுக்கு மட்டும் வந்து உட்கார்ந்துட்டுப் போற டாக்டர்கள். 2025-ல் இந்த ஆய்வு விஷயத்திலேயே லஞ்சம் வாங்கினதா சிபிஐ வழக்குப் போட்டுச்சு. இதைத் தடுக்கத்தான் ஆதார் பயோமெட்ரிக் வருகைப் பதிவு வந்துச்சு. 2025 மே மாசத்துல இருந்து அதுவும் மாறி, முகத்தைக் காட்டி, ஜிபிஎஸ்-ஸோட பதிவு. அரசுக் கல்லூரிகள் இதுக்கு விதிவிலக்கு இல்லை. ஆசிரியர் பற்றாக்குறைக்காக அதே வருஷம் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் பலவற்றுக்கும் நோட்டீஸ் வந்துச்சு. ஆனா அங்க ஒரு வித்தியாசம். ஆசிரியர் குறைவா இருந்தாலும் நோயாளி குறைவே கிடையாது. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிர்ல இருக்கிற ஜிஹெச்-ல ஒரு நாள் காலையில நின்னு பாருங்க, புரியும்.

2025 ஜூலையில் ஆசிரியர் தகுதி விதிகளையே தளர்த்தினாங்க. 220 படுக்கைக்கு மேல இருக்கிற அரசு மருத்துவமனைகளில் பத்து வருஷம் வேலை பார்த்த ஸ்பெஷலிஸ்ட் நேரடியா அசோசியேட் புரொபசர் ஆகலாம். ரெண்டு வருஷ அனுபவம் இருந்தா சீனியர் ரெசிடென்ஸி இல்லாமலே அசிஸ்டென்ட் புரொபசர் ஆகலாம். இதை எதிர்க்கிறவங்க இருக்காங்க. என் பார்வையில, மாவட்ட ஆஸ்பத்திரியில பத்து வருஷம் சிசேரியன் பண்ணின டாக்டர், ஆய்வு நாளுக்கு மட்டும் வர்றவரை விட ஆயிரம் மடங்கு மேல்.

பாடத்திட்டம் மாறினதுக்கும் உங்க பணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. 2019 பேட்ச்ல இருந்து எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி 1997-ல போட்ட விதிகள்தான். பழைய முறையில முதல் வருஷம் முழுக்க அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. நோயாளியைப் பார்க்கிறதே அப்புறம்தான். புதுசு திறன் அடிப்படையிலானது. முதல் வருஷத்திலேயே வார்டுக்குப் போகணும். நோயாளிகிட்ட எப்படிப் பேசுறது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்றதுன்னு அதுக்கும் தனிப் பாடம். கிராமத்துல சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்பு முழுக்க அவங்க உடல்நிலையைத் தொடர்ந்து பார்க்கணும். ஒவ்வொரு திறனையும் செஞ்சு காட்டி லாக்புக்ல கையெழுத்து வாங்கணும்.

ரொம்ப நல்ல திட்டம். ஆனா இது ஓட ரெண்டு எரிபொருள் வேணும்: நோயாளி, கத்துக் கொடுக்க ஆள். மனப்பாடம் பண்ணி எழுதுற பழைய முறையில சுமாரான கல்லூரியிலும் நல்ல மாணவி தப்பிச்சிடலாம். புது முறையில, பிரசவமே நடக்காத ஆஸ்பத்திரியில பிரசவம் பார்க்க எப்படிக் கத்துக்கிறது? அங்க லாக்புக்கை நிரப்புறது பேனா மட்டும்தான்.

இன்னொரு விதியும் உங்க பாக்கெட்டைத் தொடும். முதல் வருஷத் தேர்வுக்கு நாலு முயற்சிதான். மொத்தப் படிப்பையும் ஒன்பது வருஷத்துக்குள்ள முடிக்கணும். ஒரு வருஷம் பின்தங்கினா கட்டணம், ஹாஸ்டல், வட்டி எல்லாம் நீளும். அதுக்கு மேல நெக்ஸ்ட் தேர்வு. எம்பிபிஎஸ் முடிச்ச எல்லாருக்கும் லைசென்ஸுக்கும் பிஜி ரேங்குக்கும் ஒரே தேர்வுன்னு 2019 சட்டத்திலேயே இருக்கு, தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு. உங்க தங்கச்சி முடிக்கிறதுக்குள்ள அது வந்துட்டா, எந்தக் கல்லூரியில் படிச்சாங்கங்கிறது சர்டிஃபிகேட்ல இல்லை, மார்க்ல தெரிஞ்சிடும்.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணி

தம்பிக்கு ரெண்டு கல்லூரி சாய்ஸ் இருந்துச்சு. ரெண்டுக்கும் ட்யூஷன் ஒண்ணுதான். ஒண்ணு வீட்டுக்குப் பக்கம், புதுசு. இன்னொண்ணு தூரம், பழசு. குடும்பம் புதுசைத்தான் முடிவு பண்ணியிருந்தாங்க. திங்கக்கிழமை சைன் பண்ண வேணாம், பேங்க்ல ரெண்டு நாள் கேளுங்க, செவ்வாய்க்கிழமை லீவு போட்டு ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கன்னு சொன்னேன். காலேஜுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. ஞாயித்துக்கிழமை போனா ஒண்ணும் தெரியாது.

என்எம்சி விதிப்படி 100 சீட் இருந்தா 420 படுக்கை, 150 சீட் இருந்தா 605 படுக்கை வேணும். வருஷ சராசரியா அதுல 80 சதவீதம் நிரம்பியிருக்கணும். அதாவது 150 சீட் கல்லூரியில சராசரி நாள்ல 480 பேருக்கு மேல படுத்திருக்கணும். இது எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை, உள்ள போனா மூக்குக்கே தெரியும். ஓபி-ல வரிசை இருக்கா? மருந்தகத்துல கூட்டம் இருக்கா? வெளியில டீக்கடை ஓடுதா? ஆட்டோ ஸ்டாண்டு இருக்கா? பேலன்ஸ் ஷீட்டை விட டீக்கடை உண்மை சொல்லும், இதை ஒரு சிஏ சொல்றேன்.

கல்லூரி வெப்சைட்டும் பாருங்க. ஆசிரியர் பட்டியல், நோயாளி விவரங்கள் அதுல இருக்கணும்னு விதி இருக்கு. பட்டியல்ல இருந்து ரெண்டு மூணு பேரைக் குறிச்சுக்கிட்டு, ஓபி-ல "டாக்டர் இன்னைக்கு இருக்காரா"ன்னு கேட்டாலே போதும். கடைசி வருஷப் பசங்க யாராவது கேன்டீன்ல இருந்தா ஒரு காபி வாங்கிக் கொடுங்க. "இதுவரை எத்தனை பிரசவம் பார்த்தீங்க"ன்னு ஒரே கேள்வி.

தம்பி போயிட்டு வந்து போன் பண்ணினார். புதுக் கல்லூரியில பளிங்குத் தரை, லாபியில ஏசி, ஓபி-ல விரல் விட்டு எண்ணுற அளவுக்கு ஆள். ஒரு வார்டுல படுக்கை விரிப்பெல்லாம் மடிப்பு கலையாம இருந்துச்சாம். பழைய கல்லூரியில பெயின்ட் உரிஞ்சிருக்கு, ஆனா காரிடார்ல நடக்க இடமில்லை. சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்து பஸ் பிடிச்சு வர்றாங்க. ஒரு மாணவன் பாட்டியோட கையைப் பிடிச்சுக்கிட்டு ரத்தம் எடுக்க நரம்பு தேடிட்டு இருந்தானாம். பின்னாடி நின்னுட்டு இருந்த மேடம் திட்டிக்கிட்டே இருந்தாங்களாம். "அதைப் பார்த்ததும் எனக்கு முடிவு ஆகிடுச்சு அண்ணா" என்றார்.

வெளிநாடு பத்தி ரெண்டு வார்த்தை

"அப்போ வெளிநாட்டுக்கு அனுப்பினா 30 லட்சத்துல முடிஞ்சிடுமே"ன்னு கேட்பீங்க. 2021 விதிப்படி அங்க குறைஞ்சது 54 மாசம் படிப்பு, ஆங்கில வழியில; அதே கல்லூரியில 12 மாசம் இன்டர்ன்ஷிப்; திரும்பி வந்து எஃப்எம்ஜிஇ; அப்புறம் இங்கயும் 12 மாசம் இன்டர்ன்ஷிப். நீட் தகுதி அதுக்கும் கட்டாயம். எஃப்எம்ஜிஇ-ல பெரும்பாலான முறை 100 பேருக்கு 30 பேர் கூட தேர்ச்சி ஆகலை. பாஸ் பண்ணாத வருஷங்களுக்கும் கடன் வட்டி ஓடும். சொந்தப் பணத்துல வருஷம் 10 லட்சத்துக்கு மேல அனுப்பினா டிசிஎஸ் பிடிப்பாங்க. பேங்க் கல்விக் கடன்ல இருந்து போனா இல்லை. இதுக்குத் தனி வீடியோ போடுறேன்.

கையெழுத்துன்னா என்ன?

கோ-பாரோவர்னா சிபாரிசுக் கையெழுத்து இல்லை. கடன் உங்களுடையது. உங்க சிபில் ரிப்போர்ட்ல முழுத் தொகையும் வரும். அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க வீட்டுக் கடனுக்குப் போனா, இந்த இஎம்ஐ-யைக் கழிச்சிட்டுத்தான் உங்க தகுதியைப் பார்ப்பாங்க. பேசி முடிவு பண்றது கஷ்டம்தான். "தங்கச்சிக்காக இது கூட செய்ய மாட்டியா"ன்னு அம்மா ஒரு வார்த்தை சொன்னா கால்குலேட்டர் எல்லாம் காணாமப் போயிடும். அதனால பேச்சை "செய்யலாமா வேணாமா"ன்னு ஆரம்பிக்காதீங்க. "எவ்வளவு, எப்படி"ன்னு ஆரம்பிங்க.

இந்தியன் பேங்க்ஸ் அசோசியேஷன் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேல போனா சொத்து அடமானம் கேட்பாங்க. அடமானம் அப்பா பேர்ல இருந்தா, அவரையும் கடன்ல சேர்த்துக்கச் சொல்லுங்க. 2024-ல வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துல, தரவரிசையில் வந்த குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு அடமானம் இல்லாத கடனும், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் இருக்கு. உங்க கல்லூரியும் உங்க கோட்டாவும் அதுல வருமான்னு பேங்க்ல எழுத்துல கேளுங்க. "கேஷா இவ்வளவு கொடுத்துடுங்க"ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. தமிழ்நாட்டில் 1992-லயே கேபிடேஷன் கட்டணத்துக்குத் தடைச் சட்டம் இருக்கு. ரசீது இல்லாத பணத்தை சீட் கிடைக்கலைன்னா எந்தக் கோர்ட்ல போய்க் கேட்பீங்க?

நான் தம்பிக்குச் சொன்னது: மேனேஜ்மென்ட் சீட் வேணாம். ஒரு வருஷம் திரும்ப எழுதட்டும், அரசு ஒதுக்கீட்டுல தனியார் கல்லூரி கிடைச்சாலே வருஷம் நாலரை லட்சம் அளவுதான். தங்கச்சி ஏற்கனவே ரெண்டு தடவை எழுதிட்டாங்க, மூணாவது தடவைக்கு மனசு இல்லை. அப்பாவும் ஒத்துக்கலை. என் வேலை கணக்கு சொல்றது, குடும்பத்தை நடத்துறது இல்லை.

கடைசியில பழைய கல்லூரியில சேர்த்தாங்க. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு அப்பா எடுத்து வச்சிருந்த 10 லட்சம் எஃப்டி-யையும் ஃபீஸ்ல போட்டாங்க. (அம்மாவுக்கு இதுல இன்னும் வருத்தம்.) கடன் 40 லட்சமா இறங்குச்சு. அதோட, ஓடுற வட்டியை அப்பப்ப கட்டிடுறதுன்னு முடிவு. முதல் வருஷம் மாசம் சுமார் 6,700, அஞ்சாவது வருஷம் 33,300 வரைக்கும் போகும். அப்படிக் கட்டிட்டு வந்தா இஎம்ஐ தொடங்கும்போது 40 லட்சம் 40 லட்சமாவே இருக்கும், தவணை மாசம் 43,000. பழைய கணக்குல இது 78,000. அப்பாவும் தம்பியும் பாதிப் பாதி. அப்பா மகளுக்காகக் கட்டுற வட்டிக்கு அவர் 80இ கேட்க முடியும்தான், ஆனா 35,000 பென்ஷனுக்கு வரியே வராது, அதனால அதை மறந்துடலாம். தம்பி தங்கச்சிக்குக் கொடுக்கிற பணம் உறவினர் தர்ற அன்பளிப்பு, அவங்களுக்கு அதுல வரி கிடையாது. தம்பி பேர்லயும் தங்கச்சி பேர்லயும் கடன் தொகைக்குத் தனித்தனியா டெர்ம் இன்சூரன்ஸ். பேங்க் லோனோட சேர்த்து விக்கிற ஒரே பிரீமியம் பாலிசி வேணாம்னு சொல்லிட்டோம். அந்த பிரீமியத்தையும் கடன்ல சேர்த்து அதுக்கும் 10 சதவீதம் வட்டி போடுவாங்க.

எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது அவரோட பே-ஸ்லிப்பைச் சும்மா பார்த்தேன். டிடிஎஸ் பிடிச்சிருக்காங்க. ஏஜென்ட் சொன்ன 80இ-ஐ நம்பி, ஏப்ரல்லயே ஹெச்ஆர் போர்ட்டல்ல பழைய வரி முறையை டிக் பண்ணி வச்சிருக்கார். புதிய முறைக்கு மாத்தச் சொன்னேன். ஹெச்ஆர் நடுவுல மாத்த முடியாதுன்னா கவலை இல்லை, சம்பளக்காரங்க ரிட்டர்ன் போடும்போது மாத்திக்கலாம். 80சி முழுசாப் போட்டிருந்தாலும் பழைய முறையில அவருக்கு 65,000 அளவுக்கு வரி வரும், புதுசுல ஒண்ணுமில்லை. முதல் வருஷ வட்டியில பெரும்பகுதிக்கு அந்தப் பணம் ஆகும்.